அடுப்படிக்கு லீவு கிடையாது

பொங்கல் லீவு நெருங்கினால் நம்ம தோழர்கள் வாயிலிருந்து ஒரு பேச்சு வரும். 'படிக்காமக் கெடக்குற புத்தகத்தையெல்லாம் இந்த நாலு நாள்ல முடிச்சிரணும்.' சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977லிருந்து நடக்கிறது. பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் நடக்கும். பை நிறைய வாங்கி வருவது, மூலையில் அடுக்குவது, லீவில் பிரிப்பது என்று இயக்கத்து வீடுகளில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நல்ல சடங்குதான். எழுத்து மறுக்கப்பட்ட சனம் தன் வீட்டு மூலையில் புத்தகத்தை அடுக்கி வைப்பதைவிட நல்ல சடங்கு வேறென்ன இருக்கு? என் கேள்வி வேறே. நாலு நாளும் பாய் விரித்து உட்கார்ந்து படிக்கிறவருக்கு மூணு வேளையும் சோறு எங்கேயிருந்து வருகிறது?

வாசிக்கிற நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருத்தி அடுப்பு முன்னால் நிற்கிற நேரம்தான் இன்னொருத்தர் மடியில் புத்தகமாக விரிகிறது. நிலம் யார் கையில், கிணறு யார் கையில், சுடுகாட்டுப் பாதை யார் கையில் என்று கணக்குப் போட்டுக் காட்டிய இயக்கம் இது. அந்த இயக்கம் தன் வீட்டு அடுப்படிக் கணக்கை மட்டும் இன்னும் போடவில்லை. அதைத்தான் இங்கே போடப் போகிறேன்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை ஆபீசுக்கு லீவு. எனக்கு அந்த நாலு நாளும்தான் வருஷத்திலேயே நீளமான வேலை நாள். மாட்டுப் பொங்கல் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கங்க. கறி காலை ஆறு மணிக்கு வந்து சேரும். வெட்டிக் கொடுத்த துண்டு எங்க வீட்டுச் சட்டிக்குப் பெரிசு. அருவாமணையில் மறுபடி அரியணும். போட்டி இருக்கே, அது தனி உத்தியோகம். கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்து, கைச்சூடு பொறுக்க பொறுக்கக் கறுப்புத் தோலைச் சுரண்டி, சுண்ணாம்பு தடவி ஊறவிட்டு, நாத்தம் போகிற வரைக்கும் அலசணும். இரண்டு மணி நேரம் ஓடிரும். முத்தின மாட்டுக் கறி குக்கரிலும் லேசில் வேகாது. ஒரு பக்கம் ஈரலை மிளகு போட்டு வறுக்கணும். மிச்சக் கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயித்தில் கோத்து, உப்புக்கண்டத்துக்குக் காயப் போடணும்; காக்காய்க்கு ஒரு கண் காவல் வைக்கணும். இதற்கிடையே இட்லி, வடை, வருகிறவர்களுக்கு டீ. எங்க வீட்டுக்காரரைப் பார்க்க வருகிற தோழர்கள் ஏழெட்டுப் பேர். முன்னறையில் விவாதம் நடக்கும். போன வருஷம் விவாதத்தின் தலைப்பு என்ன தெரியுமா? 'உணவு அரசியல்.' ஊதுகுழலும் குக்கர் விசிலும் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உணவைப் பற்றி மூணு மணி நேரம் பேசினார்கள். நடுவில் ஒரு தோழர் எட்டிப் பார்த்து, 'அண்ணி, உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்' என்றார். அடுப்படியோடு அந்த விவாதத்துக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

எங்கம்மா காலத்தில் இதுவும் இல்லை. பொங்கலன்று அம்மா ஊர்த்தெருவில் பண்ணை வீட்டில் இருப்பாள். அவர்கள் வாசலுக்குச் சாணி தெளிக்க, அவர்கள் தொழுவத்தைக் கூட்ட, மறுநாள் அவர்கள் மாட்டுக்குப் பூசை என்றால் அந்த மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டுவர. அந்தி சாய்ந்த பிறகு ஒரு தூக்கில் அவர்கள் வைத்த பொங்கலில் மிச்சம் வரும். எங்க வீட்டு அடுப்பில் பொங்கல் வைப்பது மறுநாள். 'நமக்கு மட்டும் ஏம்மா ஒரு நாள் கழிச்சுப் பொங்கல்?' என்று கேட்டால், 'நமக்குச் சூரியன் ஒரு நாள் லேட்டா வரும்டி' என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்து, கசங்கலை நீவி, அதில் என்ன போட்டிருக்கு என்று என்னைப் படிக்கச் சொல்வாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்குக் கிடைத்த வாசிப்பு அது ஒன்றுதான்.

பொட்டலக் காகிதத்தைப் படித்த இன்னொருத்தியை நான் பிறகு புத்தகத்தில் சந்தித்தேன். மகாராஷ்டிரத்தின் பேபி காம்ப்ளே. பல்டணில் தன் சிறுகடையில் உட்கார்ந்து, சாமான் கட்டித் தரும் பழைய பத்திரிகைத் தாளைப் படித்துப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டவர். தன் சனத்தின் கதையை எழுதியபோது அதைப் புருசன் கண்ணில் படாமல் இருபது வருசம் போல ஒளித்து வைத்திருந்தார். 1986ல் 'ஜிண அமுச்ச' என்று மராத்தியில் அது புத்தகமாக வந்தது. சாதிக்காரன் கண்ணிலிருந்து ஒளிக்கவில்லை. சொந்த வீட்டுக்குள்ளே ஒளித்தார். தலித் இலக்கியம் பேசுகிற எல்லா மேடையிலும் இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் மைக்கைப் பிடிக்கணும் என்பேன்.

ஊர்மிளா பவார் 2003ல் 'ஆய்தான்' எழுதினார். மூங்கில் கூடை பின்னும் அம்மாவின் மகள். எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டபோது, சமையல், பிள்ளைகள், வீட்டு வேலை எல்லாத்தையும் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் படித்துக்கொள் என்று கணவர் சொன்னதை அதில் பதிந்து வைத்திருக்கிறார். இந்த 'மிச்ச நேரம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பாருங்க. நம் சனத்துக்கு இந்தச் சமூகம் மிச்சச் சோறுதான் போட்டது. 'கருக்கு' 1992ல் வந்தது. நாயக்கர் வீட்டில் நாளெல்லாம் உழைத்த பாட்டிக்கு மேலேயிருந்து தொடாமல் போடப்பட்ட மிச்சத்தைப் படித்து நாமெல்லாம் கொதித்தோம். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997ல் இந்தியில் வந்தது. கல்யாண வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு கேட்ட அவர் அம்மாவிடம், எச்சில் இலைக் கூடையைக் காட்டினான் ஒரு தியாகி. அவள் கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தாள். திரும்ப அந்த வாசலை மிதிக்கவில்லை. அதைப் படித்துக் கண் கலங்காத தோழர் உண்டா? மிச்சச் சோறு கேவலம் என்று தெரிந்த நமக்கு, மிச்ச நேரம் கேவலம் என்று ஏன் தெரியாமல் போச்சு?

இந்த வருஷம் என் அடுக்கில் இருப்பவை இவை: ஞான. அலாய்சியஸ் 1999ல் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள், மறைந்த ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு', திரும்பப் படிக்க சிவகாமியின் 'பழையன கழிதலும்', ஷாஹு படோலேயின் சமையல் நூல். புரட்டிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அடுப்பு புகைகிறது. அயோத்திதாசர், தீபாவளி என்பது பவுத்தர்கள் எள்ளிலிருந்து எண்ணெய் கண்டறிந்து பயன்படுத்தியதைக் கொண்டாடும் நாள் என்று எழுதினார். புராணக்காரன் நரகாசுரன் கொலையைப் பார்த்த இடத்தில் அவர் எண்ணெய்ச் செக்கைப் பார்த்தார். அடுப்படி அறிவும் அறிவுதான் என்று அவர் மதித்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது. ராஜ் கௌதமன் 1993ல், ஆதிக்க சாதி இழிவு என்று ஒதுக்கியதையெல்லாம் எதிர்ப்பண்பாடாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தூக்கிப் பிடித்தோம். மாட்டுக்கறி மேடைக்கு வந்தது. அந்தக் கறியைக் கழுவினவள் வந்தாளா? சிவகாமி அதற்கும் நாலு வருசம் முன்னாலேயே, 1989லேயே, சேரிக்குத் தலைவராக நிற்கும் காத்தமுத்துவை வீட்டுக்குள்ளே வைத்துக் காட்டிவிட்டார். வெளியே நியாயம் கேட்கிற அதே ஆள் உள்ளே என்னவாக இருக்கிறார் என்பதை மகள் கௌரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அன்றைக்குச் சிவகாமிமேல் கோபப்பட்டவர்கள் கௌரி கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

நம்ம சமையலை எழுத்தில் வைப்பதும் அரசியல்தான். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951ல் வந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுக்கிற அளவுக்குப் பேர் வாங்கிய புத்தகம். அதில் ஒரு கறித்துண்டு கிடையாது. பார்ப்பன வீட்டுச் சமையல் 'தமிழ்ச் சமையல்' ஆயிற்று. தீபாவளி மலர்களின் பலகாரப் பக்கத்தில் நம்ம வீட்டுச் சட்டிக்கு இடமே இல்லை. இதற்கு மராத்வாடாவிலிருந்து படோலே 2015ல் ஒரு பதில் எழுதினார்: 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம'. அன்னம் பூரண பிரம்மம் என்று மேல்சாதி சொல்லிவந்ததை, அபூரணம் என்று ஒரே எழுத்தில் கவிழ்த்தார். மகார், மாங்கு சனத்தின் கறி வகைகளை, ரத்தத்தையும் கொழுப்பையும் உலர்கறியையும் சேர்த்து, செய்முறையோடு எழுதினார். அந்த நூல் வந்த 2015 மார்ச்சில்தான் மகாராஷ்டிரத்தில் எருதுக் கறியும் தடைக்குள் வந்தது. செய்முறையை எழுதி வைக்கிற கை, தடைபோடுகிற கைக்கு எதிரே நிற்கிறது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் புத்தகத்தைப் படிக்க எனக்கு ஆன காலம் பதினோரு மாசம். சமையலைப் பற்றிப் படிக்கச் சமையல் விடவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மைய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட நூறு பெண்களில் 81 பேர் அன்றாடம் கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். செய்கிறவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். நூறு ஆண்களில் 26 பேர்தான் அதில் கை வைக்கிறார்கள்; அவர்களுக்கும் 97 நிமிடம். 2024ல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 ஆனது, ஆணுக்கு 88 ஆனது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தால் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிடுகிறது. சுமை கைமாறவே இல்லை. 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். 'கருக்கு' போல ஒரு புத்தகத்தை ஆர அமரப் படித்து முடிக்க அவ்வளவு நேரம் போதும். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 'கருக்கு' படிக்கப்படாமல் அடுப்பில் எரிகிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை, இவள் சமைத்ததை எங்க பிள்ளைகள் தின்னக்கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். போராடித்தான் அவருக்கு அந்த அடுப்பு திரும்பக் கிடைத்தது. 2022 மே மாசம் ஆம்பூரில் அரசு நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. விழா மழையைச் சொல்லித் தள்ளிப்போனது. ஆம்பூரில் மாட்டுக்கறியை ஒதுக்கி ஒரு பிரியாணி விழா! உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் 2012லும், சென்னை ஐ.ஐ.டி.யில் 2017லும் மாட்டுக்கறி தின்றதற்காக மாணவர்கள் மேல் கை நீண்டது. ஊர் சொல்வது இதுதான்: எங்களுக்கு நீ சமைக்கக் கூடாது, உனக்குப் பிடித்ததை நீ தின்னக் கூடாது. இதை எதிர்த்து நாம் ஒன்றாக நிற்கிறோம், நிற்போம். ஆனால் வெளியே சமைக்கக் கூடாது என்று மறிக்கப்படுகிறவளும், வீட்டுக்குள் சமைத்தே ஆகணும் என்று நிறுத்தப்படுகிறவளும் ஒரே பொம்பளதானே? முதல் அடிமைத்தனத்துக்குச் சட்டம் இருக்கு, ஆணையம் இருக்கு, சுவரொட்டி இருக்கு. இரண்டாவதுக்கு என்ன இருக்கு?

இதைச் சொன்னால் நாலு பதில் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் பதில்: 'இது இயக்கத்தைப் பிளக்கும்.' சாதியைப் பேசினால் வர்க்கம் பிளக்கும் என்று இடதுசாரித் தோழர்கள் நம்மிடம் சொன்ன அதே வசனம். அப்போது நாம் அவர்களுக்கு என்ன சொன்னோமோ அதையே உங்களுக்குத் திருப்பித் தருகிறேன்.

இரண்டாவது: 'எங்களுக்குச் சமைக்க வராது.' பொய். பந்தல் போட்டு அண்டா வைத்தால் சமைக்கிறவர் யார்? ஆம்பளை. கருமாதிக்கும் கல்யாணத்துக்கும் நூறு பேருக்குக் கறி ஆக்குகிறவர் யார்? ஆம்பளை. அதில் கூலி உண்டு, 'மாஸ்டர்' என்ற பேர் உண்டு. அண்டாவில் வருகிறது, சட்டியில் மட்டும் வராதாம். கூலியும் பேரும் இல்லாத இடத்தில்தான் கை வராமல் போகிறது.

மூன்றாவது: 'மிக்சி வந்தாச்சு, கேஸ் வந்தாச்சு, இன்னும் என்ன?' அம்மியில் அரைத்த காலத்தில் பண்டிகைக்கு ஒரு குழம்பு. மிக்சி வந்தபின் நாலு வகை. மிஷின் மிச்சம் பிடித்துத் தந்த நேரத்தை நாக்கு தின்றுவிட்டது.

நாலாவது: 'அவங்களுக்கே படிக்க ஆர்வமில்லை, நேரம் கிடைச்சா டிவி முன்னாடி உட்கார்றாங்க.' பதினாலு மணி நேரம் நின்றவள் கால் நீட்டி உட்கார்ந்து எதையாவது பார்ப்பாள். நம் சனத்தைப் பார்த்து மேல்சாதிக்காரன், 'இவனுங்களுக்குப் படிப்பு ஏறாது' என்று சொன்ன அதே குரல் இது. கொடுக்காமலே ஆர்வமில்லை என்பது அவர்கள் பழக்கம். நமக்கு எப்போது தொத்தியது?

பாபாசாகேப்பைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் கண்விழித்துப் படித்த வருசங்களில் பம்பாயில் அடுப்பை அணையாமல் வைத்தவர் ரமாபாய். பெற்ற ஐந்தில் நாலு பிள்ளைகளைப் புதைத்தவர். 1935 மே 27ல் செத்துப்போனார். பாபாசாகேப் பாகிஸ்தான் பற்றி எழுதிய நூலை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அந்தக் கடன் தன்மேல் இருப்பதை அவர் அறிந்திருந்தார், அச்சில் ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தவில்லை. 1942 ஜூலை 20 நாக்பூர் மகளிர் மாநாட்டில், ஆயிரமாயிரம் பெண்கள் முன்னால், மனைவி கணவனுக்குத் தோழியாகச் சமமாக நிற்கணும், அடிமையாக இருக்க மறுக்கணும் என்றார். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தை வைத்துத்தான் அளப்பேன் என்றார். இந்துச் சட்ட மசோதாவை முடக்கியபோது 1951ல் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தார். அவர் படத்தை முன்னறையில் மாட்டிவிட்டு அதற்குக் கீழே உட்கார்ந்து 'இன்னொரு டீ' கேட்கிறோம். அந்தப் படம் எந்த அளவுகோலால் நம்மை அளக்கிறது என்று ஒரு தடவையாவது நிமிர்ந்து பாருங்க.

எழுதுகிற இடத்திலும் இதே சங்கதிதான். ஒரு சிற்றிதழ்க்காரர் பொங்கல் இதழுக்கு என்னிடம் கட்டுரை கேட்டார். பாபாசாகேப் 1923ல் ரூபாய்ச் சிக்கலைப் பற்றி எழுதிய நூலைப் பற்றி எழுதித் தர்றேன், நான் கணக்குப் பிரிவிலே இருக்கிறவள், என்றேன். 'அதுக்கு வேற தோழர் இருக்கார்மா. நீங்க உங்க பாட்டி போட்ட உப்புக்கண்டத்தைப் பத்தி எழுதுங்க, வாசம் வர்ற மாதிரி' என்றார். பாட்டியின் உப்புக்கண்டத்தைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை, இங்கேயே எழுதியிருக்கிறேன். ஆனால் ரூபாய் ஆம்பளைக்கு, உப்புக்கண்டம் பொம்பளைக்கு என்று பிரிப்பது எந்த மனுவின் சட்டம்? அடுப்படியில் நிற்க வைத்த கையோடு, எழுத்திலும் அங்கேயே நிற்கச் சொல்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, 'உதவி' என்ற வார்த்தையை முதலில் விடுங்கள். தன் சோற்றைத் தான் ஆக்குகிறவன் யாருக்கும் உதவவில்லை. பண்டிகை நாலு நாளில் இரண்டு நாள் அடுப்படி ஆண்களுடையது என்று ஒவ்வொரு இயக்கத்து வீடும் முடிவு செய்யட்டும். வாசிப்பு வட்டம் கூடுகிற நேரத்தைப் பெண்கள் குறிக்கட்டும். சாயங்காலம் ஆறு மணி என்பது உலை வைக்கிற நேரம் என்பது குறித்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கூட்டம் வீட்டில் நடந்தால் டீயை வந்தவர்களே போடட்டும், குவளையை வந்தவர்களே கழுவட்டும். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒருத்தர் உரக்கப் படித்துக் காட்டட்டும். அவர்கள் அதை உட்கார்ந்து கேட்கட்டும், வெங்காயம் உரித்துக்கொண்டே அல்ல. மகளுக்கு வாங்குகிற புத்தகத்தோடு மகனுக்கு ஒரு கரண்டியும் வாங்குங்கள்.

தை பிறந்து வருகிறது. என் அடுக்கில் நாலு புத்தகம் இருக்கு; இந்தத் தடவை முதலில் பிரிக்கப் போவது அயோத்திதாசரை. மாட்டுப் பொங்கலன்று கறி ஆறு மணிக்கு வந்துரும். போட்டி கழுவச் சுண்ணாம்பு எங்கே இருக்கு என்று உள்ளே குரல் கொடுக்காதீர்கள். தேடி எடுங்க.